ஓடத் தகுதியானவர்

எனக்கு ஓட்டப் போட்டி பார்ப்பது அவ்வளவு பிடிக்காது. வெயில், தூசி, ஒலிபெருக்கியில் விளங்காத பெயர்கள். ஆனாலும் என் கணவர் மெல்ரோய் கொழும்பில் ஓடிய எந்தப் போட்டியையும் நான் தவறவிட்டதில்லை. தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதால், நிதானமாக எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர்.

மெல்ரோய் ஓடியது மூவாயிரம் மீற்றர் ஸ்டீப்பிள்சேஸ். ஏழரைச் சுற்று. இருபத்தெட்டுத் தடவை மரத்தடை தாண்ட வேண்டும். ஏழு தடவை தண்ணீர்க் குழி. மற்றத் தடையோட்டங்களில் கால் பட்டால் தடை விழும். இதில் தடை அசையாது, ஆள்தான் விழுவான். இதைச் சொல்லும்போதெல்லாம் மெல்ரோய் சிரிப்பார். ஐயாயிரமும் பத்தாயிரமும்கூட ஓடினார். ஆனால் அவர் பெயர் வாங்கியது இதில்தான்.

நாங்கள் கல்யாணம் கட்டியபோது அவருக்குப் பெயர் ஒன்றும் இல்லை. துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க். போட்டிகளில் நாலாவது, ஐந்தாவது வருவார். கொட்டாஞ்சேனையில் அவருடைய அம்மா வீட்டில் இருந்தோம். மாமியின் பெயர் நேசம். நான் மட்டக்குளியில் ஏழைகளின் தொடர்மாடியில் வளர்ந்தவள் என்பதில் அவருக்குக் குறை. முதல் நாலு மாதமும் என்னை யூஜினா என்று ஒரு தடவையும் கூப்பிடவில்லை. "அந்தப் பெட்டைய வரச் சொல்லு" என்பார், நான் பக்கத்து அறையில் இருக்கும்போது.

அந்த நேரத்தில்தான் தேசிய அணித் தெரிவுக்கு முதல் வீரர்களை இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மெல்ரோய் பரிசோதனை செய்துவிட்டு நுவரெலியாப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். அறிக்கை எடுக்க நான் போனேன். பர்ஹா என்று ஓர் இளம் டொக்டர். கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"அவரோட இருதயத் தசை தடிச்சுப் போயிருக்கு. பிறவியிலயே வாறது. நடக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை குட்டியோட நல்லா இருக்கலாம். ஆனா இனி ஓட ஏலாது. ஓடினா ஒரு நாளைக்கு அப்படியே நின்டுரும்."

கோச்சிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் தந்தார். திங்கட்கிழமை அவரைக் கூட்டி வரச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டார். "என்னவாம்?"

"எல்லாம் சரியாம், மாமி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது அதுவே சரியாகவும் பட்டது. மெல்ரோய்க்கு ஓட்டம்தான் உயிர். அதை எடுத்துவிட்டு ஒரு மனிதனை வைத்திருப்பதில் என்ன நியாயம்? மெல்ரோய் கேட்டபோதும் எல்லாம் சரி என்றே சொன்னேன். கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கல்யாணச் சான்றிதழோடு அலுமாரியில் பத்திரமாக வைத்தேன். நீங்கள் எடுத்துப் போனது அதைத்தான். மறைக்க நினைப்பவள் அப்படி வைப்பாளா?

திங்கட்கிழமை பர்ஹா தொலைபேசியில் கூப்பிட்டார். மெல்ரோய் ஓட்டத்தை விட்டுவிட்டார், வேறு ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் காட்டுகிறோம் என்றேன். டொக்டர் சந்தோஷப்பட்டார். அடுத்த மாதம் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்.

அணிக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மெடிக்கல் சென்டரில் வேலை செய்தேன். நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பது, கடிதம் தட்டச்சுச் செய்வது. அங்கே இருந்த வயதான டொக்டர் மாலையில் ஒரு கட்டுக் காகிதத்தைப் பார்க்காமலே கையெழுத்து வைப்பார். "பரிசோதிக்கப்பட்டார். போட்டிகளில் ஓடத் தகுதியானவர்." இரண்டு வரிதான். அதைத் தட்டச்சுச் செய்து அந்தக் கட்டின் நடுவில் வைத்தேன். வருடத்துக்கு ஒன்றாக ஆறு சான்றிதழ். அந்த டொக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு எதுவும் தெரியாது.

அந்த ஓகஸ்டில் மெல்ரோய் தேசிய சம்பியன் ஆனார். கடைசிச் சுற்றுவரை ஐந்தாவதாக வந்தவர், கடைசித் தண்ணீர்க் குழியில் இரண்டு பேரைத் தாண்டினார், நேர்ப் பாதையில் மற்ற இரண்டு பேரையும். மாமி அழுதபடி என் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "இது எங்கட யூஜினா. மெல்ரோய்ட வைஃப்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தெற்காசியப் போட்டி ஒன்றில் வெள்ளி. ஒன்பது நிமிடத்துக்குக் கீழே ஓடினார். பத்திரிகையில் படம் வந்தது, என்னுடைய படமும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வீடு எடுத்தோம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனால் சனம் விலகி வழி விடும். கொரோனா ஊரடங்கில் அவர் மொட்டை மாடியில் ஓடினார். பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் ஜன்னலில் நின்று சுற்று எண்ணினார்கள்.

நாலாவது வருடம் நுவரெலியாவில் ஒரு காலை மயங்கி விழுந்தார். கோச் ஒஸ்வால்ட் எனக்குச் சொன்னார். உப்புக் குறைந்திருக்கும், ஜீவனிப் பொடி கரைத்துக் கொடுங்கள் என்றேன். நான் மெடிக்கல் சென்டரில் வேலை செய்பவள் என்பதால் அவர் நம்பினார்.

பிறகு ஒருநாள் மெல்ரோய் வீட்டுப் படியில் இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"யூஜி, நெஞ்சுக்குள்ள மீன் துடிக்கிற மாதிரி இருக்கு."

"காலமை சாப்பிடாம ஓடினா அப்படித்தான். அசிடிட்டி."

"எதுக்கும் ஒருக்கா செக் பண்ணுவமா?"

"எங்கட டொக்டரிட்ட ஏற்கனவே கேட்டனான். பயப்பிட ஒண்டும் இல்லையாம்."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றப் படிகளை ஏறினார். நான் வயிற்றெரிச்சல் குளிசை கொடுத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டார். சொன்னதைக் கேட்கும் மனிதர்.

போன ஜூனில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோழிக்கறி வைத்திருந்தேன். மெல்ரோய் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"யூஜி, நான் நிப்பாட்டப் போறன்."

"எதை?"

"ஓட்டத்தை. எனக்குக் களைச்சுப் போச்சு. ஒஸ்வால்ட் சேரோடயும் கதைச்சிட்டன். களஞ்சியத்துக்கே முழு நேரமாப் போறன். இந்த ஆறு வருசமும் பிள்ளையையும் தள்ளிப் போட்டுட்டம். இனி மனுசர் மாதிரி இருப்பமே."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் துக்கம் ஒன்றும் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய உயிரையே விடப் போகிறவர் அப்படிச் சிரிக்க மாட்டார். அவருக்கு அப்போது தன்னைத் தெரியவில்லை என்று விளங்கிக்கொண்டேன். சில நேரம் மனைவிக்குத்தான் தெரியும்.

"ஓகஸ்ட் போட்டி மட்டும் ஓடுங்க. சம்பியனாவே நிப்பாட்டுங்க. எனக்காக."

"உனக்காகவா?"

"ஓம்."

அவர் கோப்பையைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டு, "சரி, கடைசி" என்றார். ஆறாவது சான்றிதழை அடுத்த நாள் தட்டச்சுச் செய்தேன்.

போட்டி பின்னேரம் நாலரைக்கு. நான் புதுச் சேலை உடுத்திருந்தேன். மாமி செபமாலையோடு வந்திருந்தார். ஆறு சுற்று வரைக்கும் மெல்ரோய் முன்னால் ஓடினார். கடைசிச் சுற்றின் தண்ணீர்க் குழியில் தடையின் மேல் கால் வைத்தார். வழக்கமாக அங்கிருந்து பாய்வார். அன்று பாயவில்லை. மேலே ஒரு கணம் நின்றார், யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல. பிறகு அப்படியே தண்ணீருக்குள் சரிந்தார்.

முழங்கால் அளவு தண்ணீர்தான். எல்லோரும் வழுக்கி விழுந்தார் என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒஸ்வால்ட் ஓடிப் போய் இறங்கினார். மாமி, "எழும்பு மகன், எழும்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போகவில்லை. போய் ஆகப் போவது ஒன்றுமில்லை என்று அந்த மைதானத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நல்ல சாவு வீடு. கொட்டாஞ்சேனையில் கடைகளுக்கு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தெரியாத சனமெல்லாம் வரிசையில் வந்து என் கையைப் பிடித்தார்கள். பர்ஹா திரும்பி வந்திருப்பதும், பத்திரிகையில் படத்தைப் பார்த்து உங்களிடம் வருவார் என்பதும் நான் எதிர்பாராதவை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் கடமையைச் செய்தார்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், அந்தக் கடிதத்தை அன்றே கொடுத்திருந்தால் மெல்ரோய் இன்று உயிரோடு இருந்திருப்பார் இல்லையா என்று. ஓம், இருந்திருப்பார். களஞ்சியத்தில் வேலை முடிந்து, கொஞ்சம் வயிறு வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருப்பார். அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் ஆறு சான்றிதழும் தட்டச்சுச் செய்தேன். நெஞ்சு துடிக்கிறது என்றபோது தெரிந்துதான் குளிசை கொடுத்தேன். அவர் நிப்பாட்டக் கேட்டபோதும் தெரிந்துதான் ஓடச் சொன்னேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

எல்லாம் அவருக்காகத்தான் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நேற்று நான் உள்ளே வந்தபோது வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்து, "மெல்ரோயின் நோனா" என்று என்னைக் காட்டி மற்றவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, தன்னுடைய நாற்காலியை எனக்குத் தந்தார். ஒரு களஞ்சியக் கிளார்க்கின் மனைவிக்கு யார் எழுந்து நிற்பார்கள், இன்ஸ்பெக்டர்?