சோமவாரம் ஏறும் கிணறு

— இல்ல சார், நான் எதையும் விக்க வரல. உங்க பின்பக்கச் சுவருக்கு அந்தாண்ட நீச்சல் குளம் இருக்கே, அங்கேருந்து வர்றேன். பேரு ரூபீனா. குளத்துத் தண்ணி எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது என் வேலை.

— குளமா? அதெல்லாம் எங்காத்து மாமி டிபார்ட்மென்ட். ஜானுன்னு சொன்னா அங்க வாட்ச்மேன்லேர்ந்து எல்லாருக்கும் தெரியும். அவ வெளில போயிருக்கா. நான் சுப்பராமன். ரிட்டயர் ஆனப்பறம் ஜானுவோட ஆத்துக்காரர்ங்கறதுதான் என் உத்யோகம்.

— மாமிய தெரியும் சார். குளத்தை ரிப்பேர் பண்ணணும்னு அவங்க விடாம அலைஞ்சதாலதான் குளத்துக்காரங்க எங்க கம்பெனியையே வரவழைச்சிருக்காங்க. ஆனா நான் வந்தது உங்க கிணத்தப் பாக்க.

— கிணறா? அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? வட்டமா இருக்கும். உள்ள இருட்டா இருக்கும்.

— ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேன் சார். ரெண்டு நிமிஷம்.

— கொல்லைக் கதவு பூட்டியிருக்கே. காலங்கார்த்தால ஜானு பூட்டி, சாவியையும் இடுப்புல சொருகிண்டு போயிட்டா. ஏதோ மோட்டார் ரிப்பேராம். நான் இன்னும் குளிக்கக்கூட இல்ல.

— பரவால்ல, வர்ற வரைக்கும் வெயிட் பண்றேன். மயிலாப்பூர்ல இந்தத் தெரு பூரா கேட்டுட்டேன் சார். எல்லார் வீட்டுக் கிணறும் வத்திப்போய் மூடி போட்டாச்சு. நீங்க மட்டும் இன்னும் இறைக்கறீங்கன்னாங்க. அது சாமி கிணறு, போய்ப் பாருங்கன்னும் சொன்னாங்க. எனக்கு அது இன்னான்னு பாத்தே ஆகணும்.

— ஜனங்க ஆயிரம் சொல்லும். நீ உக்காரும்மா. காப்பி சாப்பிடறியா? எனக்குப் போடத் தெரியாது, இருந்தாலும் கேக்கணுமே.

— தண்ணி போதும் சார்.

— அந்த மூலைல பானை. டம்ளர் மேலயே கவுத்து வச்சிருக்கு. மோந்துக்கோ.

— நல்லா ஜில்லுனு இருக்கு. வெட்டிவேர் போட்டிருக்கீங்களா?

— ஜானு போடுவா. ஒரு நாள் தவறமாட்டா. வெட்டிவேர் தீர்ந்துடுத்துன்னா வடக்கு மாட வீதிக்கு ஓடறா, பால் தீர்ந்தாக்கூட அப்படி ஓடமாட்டா. அது கெடக்கட்டும். உன்னை ஒண்ணு கேக்கறேன். ஒழுகற இடம் தெரிஞ்சுடுத்துன்னு வச்சுக்கோ. உடனே குளத்தை இடிச்சுடுவாளா?

— உல்டா சார். தெரியலன்னாதான் இடிப்பாங்க.

— என்ன சொல்றே?

— தெனம் எவ்ளோ தண்ணி காணாமப் போவுது தெரியுமா? ஊத்தி ஊத்தி மாளல. குளத்தை நடத்தறவங்க தெளிவா சொல்லிட்டாங்க. எங்க ஒழுகுதுன்னு காட்டு, அந்த எடத்தை அடைச்சு, டைல்ஸ் மாத்தி, பழைய குளத்தையே வச்சுக்கலாம். காட்ட முடியலன்னா மொத்தமா இடிச்சுட்டு கார் பார்க்கிங் கட்டப் போறாங்க. அதுக்கு மேல மொட்டை மாடியில சின்னதா ஒரு குளம். இடுப்பளவு தண்ணி, சுத்தி கண்ணாடி.

— கண்ணாடியா? அப்ப ஜானு நீந்தப் போற அந்த லேடீஸ் பேட்ச்?

— எதிர் பில்டிங் பால்கனியிலேருந்து பூரா தெரியும் சார். எந்தப் பொம்பள வருவா? எங்க பக்கம் ஜாம்பஜார்லேருந்து வர்ற ஒருத்தர்கூட வரமாட்டாங்க. என்னைப் பெத்த அம்மி இப்பதான் தண்ணில காலை உதைக்கவே கத்துக்கினாங்க.

— ஜானுவோட சிநேகிதி ஜைதூன் பீகூட உங்க பக்கத்துலேர்ந்துதானே வரா. ஜானுவும் அவளும் ஒரே வருஷம் சேர்ந்தா. நீந்தி முடிச்சுட்டு ரெண்டு பேரும் அந்தப் படிக்கட்டுல உக்காந்து நறுக்கின மாங்கா திம்பாளாம்.

— இதெல்லாம் சொல்ற மாமி, இடிக்கப் போறத சொல்லலியா?

— இடிக்கப் போறான்னு சொல்லியிருக்கா. ராத்திரியில தூக்கமே இல்லாம பொரள்றா. ஆனா ஒழுகல்னு பேச்சு வந்தா மட்டும் சட்டுனு வேற எதையாவது எடுத்துடுவா. நானும் தோண்டிக் கேக்கறதில்ல. இந்த ஆத்துல அந்த ஒரு வார்த்தை மட்டும் பொழங்கறதே இல்ல. இரு, நான் சரியா புரிஞ்சுக்கறேன். கண்டுபிடிச்சா, குளம் நிக்கும். நிச்சயமா?

— நிச்சயம் சார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லியாகணும்.

— சரி. அப்படின்னா சரி. அந்த ஃபேனைப் போட்டுக்கோ. கிணத்தைப் பத்தி ஏதோ கேட்டியே. அது சாதாரணக் கிணறு இல்லம்மா.

— இப்பதானே வட்டமா இருக்கும்னீங்க?

— வட்டமாவும் இருக்கும். ஆனா கபாலி கோயில் தெப்பக்குளத்துக்கும் எங்காத்துக் கிணத்துக்கும் பூமிக்கடியில ஊத்து இருக்கு. சிவன் பாத்து விட்ட தண்ணி. ஏரியெல்லாம் வெடிச்சுக் கெடந்துதே ஒரு வருஷம், ஞாபகம் இருக்கோ? மெட்ராஸ்ல ஜனங்க குடத்தைத் தூக்கிண்டு லாரிக்குப் பின்னாடி ஓடித்து. இந்தத் தெருவுல ஒருத்தர் ஓடல. எல்லாரும் எங்காத்துக் கொல்லையில வரிசையா நின்னா.

— அந்த வருஷமும் வத்தலியா?

— ஒரு சாண் எறங்கல. இன்னொண்ணு கேளு. சோமவாரத்துக்கு சோமவாரம் தண்ணி ஏறும். மத்த நாள் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், திங்கக்கிழமை சாயங்காலம் போய்ப் பாத்தா படிக்கல் முழுகியிருக்கும். சிவனுக்கு உகந்த நாளோன்னோ.

— திங்கக்கிழமையா சார்? கரெக்டா?

— திங்கக்கிழமைதான். செவ்வாயில்ல, புதனில்ல. நன்னா ஞாபகம் வச்சுக்கோ.

— சார், குளத்துக்கு லீவு திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை கூட்டம் போனப்புறம், திங்கக்கிழமை காலைலதான் ரொப்புவாங்க.

— அப்படியா? எனக்கென்னம்மா தெரியும், நான் தண்ணிக்குள்ள கால் வச்சவனே இல்ல. அப்பறம் பாரு, அந்தக் கிணத்துல பாசியே பிடிக்காது. துளிக்கூட. கொசு மருந்து அடிக்க வரவா எட்டிப் பாத்துட்டு, மாமா, உங்க கிணத்துல ஒரு புழுகூட இல்லியேம்பா. நான் சொல்லுவேன், அம்பாள் கடாட்சம்னு.

— சார், ஒரு நிமிஷம், குளத்தாண்ட நிக்கற எங்க பையன் போன். சொல்லு அறிவு. இன்னாது? மாமி அங்க வந்தாங்களா? என்னைத் தேடிக்கினா? நான் அவங்க வீட்லதான் கீறேன்டா. சரி, சரி, வெச்சிடு. சார், மாமி குளத்தாண்ட போய் என்னைக் கேட்டுட்டு, இப்ப திரும்பி வந்துக்கினு இருக்காங்களாம்.

— உன்னைத் தேடியா போனா? என்கிட்ட கீரை வாங்கப் போறேன்னா.

— சார், நான் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். நேத்து காலைல குளத்துல பச்சைக் கலர் கலந்து விட்டேன். ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது. தண்ணி எந்த வழியாப் போவுதோ அங்க பச்சையா வந்து நிக்கும். எல்லாக் குழியையும், சாக்கடையையும் பாத்தாச்சு. எங்கயும் காணோம். உங்க கிணறு மட்டும்தான் பாக்கி.

— ம். அப்ப இதையும் கேட்டுக்கோ. அந்தத் தண்ணில நனைச்சா என் காசித்துண்டு ரெண்டு மாசத்துல வெளுத்துடும். குங்குமக் கலர்ல வாங்கினது, ஏதோ சீக்காளி மூஞ்சி மாதிரி ஆயிடும். தண்ணிக்கு அவ்வளவு சுத்தி பண்ற சக்தி. சொன்னா நம்ப மாட்டே, உள்ளேர்ந்து எடுத்துண்டு வரேன். நீயே உன் கண்ணால பாரு.

— வேணாம் சார், நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கினு?

— இரு இரு. பீரோல எங்கயோ இருக்கும். ஜானு வந்தா கதவைத் தெறந்து விடு.

— வாங்க மாமி. ஸாரி, உங்க வீட்ல நான் கதவு தெறக்கறேன்.

— நீ இங்கதான் இருக்கியா ரூபீனா? உனக்காக அந்த வெயில்ல குளத்தைச் சுத்தி வந்தேன். அவர் எங்க?

— துண்டு எடுக்கப் போயிருக்காரு. கிணத்துத் தண்ணில வெளுத்த துண்டாம்.

— கடவுளே. உன்கிட்டயும் ஆரம்பிச்சுட்டாரா? சரி, மெதுவாப் பேசு. இந்தா சாவி. போய்ப் பாத்துக்கோ. பச்சைப் பசேல்னு நிக்கறது.

— நிஜமாவா மாமி? அப்ப கண்டுபிடிச்சாச்சு. குளம் பொழச்சிடுச்சு மாமி. நீங்க ஏன் அழறீங்க?

— காலைல எட்டிப் பாத்தேன். மொதல்ல சந்தோஷம் தாங்கல, அங்கயே சிரிச்சேன். அடுத்த நிமிஷம் அவர் ஞாபகம் வந்துடுத்து. உடனே கதவைப் பூட்டிட்டேன், அவர் பாத்துடப் போறாரேன்னு. நீ ஓட்டையை அடைச்சேன்னா இந்தக் கிணறு என்ன ஆகும்?

— வத்திடும் மாமி. பொய் சொல்ல மாட்டேன். ஒரு கோடை தாங்கறதே கஷ்டம்.

— எனக்குத் தெரியும். கிணறு போனா லாரித் தண்ணி வாங்கிப்போம், ஊர்ல எல்லாரும் வாங்கலியா? அவரை நெனச்சாதான். தெனம் அந்தத் தண்ணியை மோந்து ஸ்வாமிக்கு அபிஷேகம் பண்றார். தெரு பூரா சிவன் குடுத்த தண்ணின்னு சொல்லிண்டு திரியறார். அது ஊர்ல இருக்கறவா எல்லாம் குதிச்சுக் குளிச்ச தண்ணின்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

— உங்களுக்கு இன்னிக்குக் காலைலதானே தெரிஞ்சுது?

— இன்னிக்கா? குளத்துல நீந்திட்டு வந்து, அதே தலையோட இந்தக் கிணத்துல குளிக்கறவ நான். ரெண்டுலயும் ஒரே குளோரின் வாசனைன்னு எனக்குத் தெரியாதா? எத்தனையோ வருஷமாத் தெரியும். அந்தப் பானையில வெட்டிவேர் எதுக்குப் போடறேன்னு நெனச்சே? கிணத்துத் தண்ணின்னு நெனச்சுண்டு அவர் குடிக்கறதே மெட்ரோ வாட்டர்தான். அவர் முழிச்சுக்கறதுக்கு முன்னாடி ரொப்பி வச்சுடுவேன். வாசனையில வித்தியாசம் தெரிஞ்சுடப்படாதேன்னு வெட்டிவேர்.

— மாமி, அப்ப தெரிஞ்சேதான் குளத்தை ரிப்பேர் பண்ணச் சொல்லி அலைஞ்சீங்களா?

— வேற என்ன பண்ணச் சொல்றே? இந்த ஒழுகலோட விட்டா குளத்தையே மூடிடுவான். அடைச்சா கிணறு போயிடும். எனக்குக் குளம் வேணும் ரூபீனா. அதைச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா வேணும். அந்தத் தண்ணில எறங்கினாதான் நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல, அம்மா இல்ல, மாட்டுப்பொண் இல்ல. சும்மா மெதக்கலாம். இந்த வயசுல அதை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல.

— விடுங்க மாமி. ரிப்போர்ட்ல கிணறுன்னு எழுத மாட்டேன். பின்பக்கச் சுவரோரம் விரிசல்னு மட்டும் எழுதறேன். சாருக்குத் தெரியவே வேணாம்.

— நீ எழுதாம விட்டுடுவே. சோமவாரம் வருமே? போய் எட்டிப் பாப்பார், தண்ணி ஏறியிருக்காது. அடுத்த சோமவாரமும் பாப்பார். சிவன் தன்னைக் கைவிட்டுட்டார்னு நெனச்சுப்பார். அதைப் பாத்துண்டு நான் குளத்துல மெதந்துண்டு இருக்கணும். அதான் என்னால முடியாது.

— துண்டு கெடைக்கல ஜானு. இல்ல, கெடைச்சு ரொம்ப நாழியாச்சு. நீ பேசி முடிக்கட்டுமேன்னு கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு இருந்தேன்.

— ஐயோ. எல்லாம் கேட்டுட்டேளா?

— தெனம் விடியக்காலம் கொடத்துலேர்ந்து பானைக்கு நீ தண்ணி மாத்தற சத்தத்தையே கேட்டுண்டு படுத்திருக்கறவன், இதைக் கேக்காம இருப்பேனா?

— அப்ப அது மெட்ரோ வாட்டர்னு தெரிஞ்சேதான், இந்த ருசி கங்கைல கூட வராதுன்னு வரவா போறவா கிட்டல்லாம் சொன்னேளா?

— நீ அவ்வளவு சிரமப்பட்டு வெட்டிவேரெல்லாம் போட்டு வைக்கறே. நாலு வார்த்தை நன்னா சொல்ல வேண்டாமா?

— சார், அப்ப திங்கக்கிழமை, பாசி, துண்டு, இதெல்லாம் என்கிட்ட வேணும்னே சொன்னீங்களா?

— கண்டுபிடிச்சா இடிக்க மாட்டான்னு நீதானேம்மா சொன்னே. அதைக் கேட்டப்பறம்தான் வாயைத் தெறந்தேன்.

— அப்ப சிவன், ஊத்து, தெப்பக்குளம்? இத்தனை வருஷமா தெரு பூரா அளந்தேளே, அதெல்லாம் எதுக்கு?

— தண்ணி எங்கேர்ந்து வரதுன்னு யாராவது ஒருத்தன் யோசிச்சா, குளம் ஓட்டைன்னு தெரிஞ்சு அன்னிக்கே இழுத்து மூடியிருப்பான் ஜானு. அப்பறம் நீ எங்க போய் நீந்துவே?