செல்வியின் கைப்பேச்சு

"வாய் பேசாதவ, இப்ப ஊரு பூரா பேசறா!"

ஓசூர் கம்பெனி பஸ்ஸில் என் முன்சீட்டு மேரியக்கா பொரிந்தாள். நான் தூங்குகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செல்வி பேசினா உனக்கென்னக்கா?" என்றாள் பக்கத்திலிருந்த மஞ்சு.

"இத்தன நாளா அவ கைப்பேச்சு எனக்கு மட்டுந்தான்டி தெரியும். கம்பெனியில அவளையும் எல்லாரோட சேத்துக்கணுமாம், வெளிய வாத்தியார் வெக்க காசில்லையாம். டீ டைம்ல என்னையே எல்லாருக்கும் சொல்லித்தர வெச்சாங்க. இப்ப சூப்பர்வைசர்கூட எல்லாம் சிரிச்சு பேசறா. என்னைத் திரும்பிக்கூட பாக்கறதில்ல."

டிரைவர் பின்னாலிருந்த செல்வி திரும்பிக் கைகளால் ஏதோ சொன்னாள்.

"சீட்டு புடிச்சு வெச்சிருக்காளாம், உன்னைக் கூப்பிடறா," என்றாள் மஞ்சு.

"எனக்கே அர்த்தம் சொல்றியா? உனக்குச் சொல்லித்தந்தவளே நான்தான்டி!"

அதற்குள் மேரியக்கா டிபன் பையோடு எழுந்துவிட்டிருந்தாள்.