இருபத்தாறாவது கை

ஏலத்துக்குப் பொருள் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வருவதை வேண்டாம் என்று சொல்வதுதான் உண்மையில் கஷ்டம். பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று ஒரு சுற்றறிக்கை போனால் போதும், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதெல்லாம் என் வாசலுக்கு வந்துவிடும். ஓடாத தையல் மிஷின், காது உடைந்த கோப்பைகள், யாரோ ஒருவருடைய மாமியார் வரைந்த கிளிப்படம். அந்தக் கிளியை மூன்று வருடமாக யார் தலையிலாவது கட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கியவர்கள் அடுத்த வருடம் அதையே நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஏலக் குழுவுக்கு நான்கு வருடமாக நான்தான் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் என்னை 'ஏலக்கா' என்கிறார்கள். தெரியும், கோபமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நிர்வாகம் உங்களை விசாரிக்க அனுப்பியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வேகமாகப் போனால் நிறுத்துங்கள், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் இணையத்தில் ஏலம். பொருள்களின் படத்தைப் போடுவோம், பெற்றோர்கள் வீட்டில் இருந்தபடியே கேட்பார்கள். அதில் நன்றாகப் போகும் ஏழெட்டுப் பொருள்களைச் சனிக்கிழமை மத்தியானம் பள்ளி அரங்கத்தில் நேரடி ஏலத்துக்கு எடுப்போம். வர முடியாதவர்களுக்குப் போன் வசதி உண்டு. குழுவில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லச் சொல்லக் கையைத் தூக்க வேண்டும். இந்தப் போன் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் படி படம். இணையத்தில் யாரும் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. படம் சுமாராக இருந்தால் தங்கத்தையே வைத்தாலும் சீந்த ஆளிருக்காது. அதனால் படம் எடுக்கும் அன்று நான் கொஞ்சம் கெடுபிடியாகத்தான் இருப்பேன்.

இந்த வருடம் மூன்றாம் வகுப்பு ஒரு மரம் செய்தது. பலகையில் அடிமரமும் கிளைகளும் வரைந்திருக்கும். இலைகளுக்குப் பதில் குழந்தைகளின் கைகள். ஒவ்வொரு குழந்தையும் பச்சைப் பெயின்டில் உள்ளங்கையைத் தோய்த்துத் தாளில் பதிக்க, அதை வெட்டிக் கிளையில் ஒட்டி, அடியில் பெயர் எழுத வேண்டும். வகுப்பில் இருபத்தாறு பேர். என் மகளும் அந்த வகுப்புதான். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் குழந்தை ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் பள்ளி வேன்காரரின் ஒரே மகள்.

அவளை விட்டுவிடக் கூடாது என்று முதலில் சொன்னதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டப்பா பெயின்டும் கெட்டித் தாளும் அவள் அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாள் அவர் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தாளை வைத்துக் கொண்டுவந்தார். வேன் இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி வந்தார்.

"அவளே அழுத்தினா மேடம். அவங்கம்மா தட்டைப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்சம் கலங்கிப்போச்சு, பாத்துக்குங்க."

கொஞ்சம் இல்லை, நிறையவே கலங்கியிருந்தது. மூன்று விரல்தான் சரியாக விழுந்திருந்தது. ஊசிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரி பட்டு ஓரத்தில் ஒரு இழுப்பு. உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைத் திட்டு. காலியாக இருந்த கிளையில் வைத்துப் பார்த்தேன். மரத்தில் ஏதோ பூச்சி பிடித்த மாதிரி இருந்தது. மூன்று மணிக்குப் படம் எடுக்க ஆள் வந்துவிடுவார். தலைக்கு மேல் வேலை.

என் மகள் அதே மேஜையில் உட்கார்ந்து மிச்சம் இருந்த தாளை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வலது கை ஏற்கெனவே மரத்தில் இருந்தது.

"இடது கையக் குடு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"உன் ஃப்ரெண்டுக்கு ஒரு ஹெல்ப்."

சந்தோஷமாகக் கொடுத்தாள். ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. வெட்டினேன், ஒட்டினேன், அடியில் அந்தக் குழந்தையின் பெயரை என் கையால் எழுதினேன். படம் அருமையாக வந்தது.

அப்போது அந்தக் குழந்தை உயிரோடுதான் இருந்தாள். எல்லோரும் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அவள் குணமாகி வந்ததும் நல்லதாக ஒன்று எடுத்து மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து வேன்காரர் என்னை வாசலில் நிறுத்தினார். போனில் அந்தப் படம் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டீங்களா மேடம்? கலங்கினதே தெரியல. அவகிட்ட காட்டினேன், சிரிச்சா."

தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்கிறாளே.

இணைய ஏலத்தின் ஆறாம் நாள் அந்தக் குழந்தை இறந்துபோனாள். பள்ளிக்கூடம் ஒரு நாள் விடுமுறை விட்டது. மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "அந்த மரத்த ஏலத்துலேர்ந்து எடுத்துடுங்க. அவங்க வீட்டுக்கே குடுத்துடலாம்" என்றார்.

நான் ஒற்றைக்காலில் நின்று மறுத்தேன். ஏற்கெனவே பலர் கேட்டிருக்கிறார்கள், பாதியில் எடுத்தால் இனி யாரும் எங்களை நம்ப மாட்டார்கள் என்றேன். இரக்கப்பட்டுக் கொடுப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டேன். நல்ல காரணங்கள்தான். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. போனில் பார்ப்பது ஒன்று, வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்ப்பது ஒன்று. பெற்றவள் தினமும் பார்ப்பாள். பக்கத்தில் போய்ப் பார்ப்பாள். யாரோ ஒருவர் வீட்டில் மாட்டினால் அது ஒரு இலை, அவ்வளவுதான். அந்த வீடு தவிர எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தேன். அவர்கள் மனது நோகக் கூடாது.

சனிக்கிழமை வேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மனைவி வரவில்லை. ஏலம் விடுவது எங்கள் பி.டி. மாஸ்டர். மைக்கே வேண்டாம், அப்படி ஒரு தொண்டை. மரம் நான்காவதாக வந்தது. வேன்காரர் கையைத் தூக்கியதும் மற்றவர்கள் மரியாதைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். அப்படியே விட்டிருந்தால் முதல் விலையிலேயே அவருக்குப் போயிருக்கும்.

நான் போனைக் காதில் வைத்துக் கையைத் தூக்கினேன்.

"போன்ல ஒருத்தர் கேக்கறாங்க" என்றார் மாஸ்டர். வேன்காரர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். நான் தூக்கினேன். அவர் தூக்கினார். நாலு தடவை ஏறினால் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன், மனிதர் விடவில்லை. நடுநடுவே போனில், "சரிங்க, இன்னும் மேல போகலாமா?" என்று கேட்டுக்கொண்டேன். எதிர்முனையில் யாரும் இல்லை. போன் அணைந்துதான் இருந்தது.

ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர் கையை இறக்கவே இல்லை. தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். மாஸ்டரின் குரல் கம்மிவிட்டது. "மேடம், அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். யார் கேக்கறாங்கன்னு" என்றார்.

"குழந்தையோட அப்பா கேக்கறாருங்க" என்று போனில் சொன்னேன். பதில் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையைத் தூக்கினேன்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நிறுத்தினால் மரம் அந்த வீட்டுக்குப் போகும், நிறுத்தாவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடினேன். அந்த அரங்கத்தில் என் நிலைமை யாருக்கும் வந்திருக்கக் கூடாது. முன்வரிசையில் ஒரு அம்மா, "யாருடி அது, இப்படி ஒரு கல்நெஞ்சம்?" என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாள். எல்லோரும் என் காதில் இருந்த போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"லைன் கட் ஆயிடுச்சு" என்றேன்.

மாஸ்டர் அவசர அவசரமாகச் சுத்தியலைத் தட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நானும் தட்டினேன். பள்ளி வரலாற்றிலேயே ஒரு பொருள் அந்த விலைக்குப் போனதில்லை. அது ஒரு வேனின் விலை என்று அடுத்த வாரம் தெரிந்தது, அவர் வேனை விற்றபோது. இப்போது என் மகள் வேறு வேனில் போகிறாள். சீட் கிழிந்திருக்கிறதாம், தினமும் ஒரே புலம்பல்.

மிச்சத்தை நீங்களே விசாரித்திருப்பீர்கள். ஐந்து வாரம் கழித்து வகுப்பு டீச்சர் குழந்தைகளை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். மரத்தைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டியிருந்தார்களாம். என் மகள் நேராகப் போய் இடது கையை அந்த இலைமேல் வைத்தாள். நகக்கண் வரைக்கும் பொருந்தியது.

"ஆன்ட்டி, இது என்னோடது. நான்தான் ஹெல்ப் பண்ணேன்" என்று சொல்லியிருக்கிறாள். பெருமை அவளுக்கு. குழந்தைதானே.

அந்த அம்மா என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாளாம். எல்லாக் குழந்தைகளுக்கும் பிஸ்கட் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் பேசினாள்.

"அக்கா, பணம் வேணாம். போர்டையும் நீங்களே வச்சுக்குங்க. அவ கை வச்ச அந்தத் தாள் மட்டும் இருக்கா? கலங்கியிருந்தாப் பரவால்ல."

"பத்திரமா எங்கயோ வச்சிருக்கேம்மா. தேடித் தர்றேன்" என்றேன்.

பணத்தை நிர்வாகம் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நல்லது. அந்தப் பணத்தில் மாற்ற இருந்த நூலகத்துக் கூரை இன்னொரு மழைக்கு ஒழுகட்டும். நீங்கள் இப்போது கேட்பது அந்தத் தாள் எங்கே என்று. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மணி மூன்று ஆகிக்கொண்டிருந்தது, என் மகளின் இடது கை முழுக்கப் பச்சைப் பெயின்ட். புது கவுனில் தேய்த்துவிடுவாள் என்று பயம். பக்கத்தில் துணி எதுவும் இல்லை. கைக்கு எட்டியது அதுதான். துடைத்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். கெட்டித் தாள் வேறு, சரியாகத் துடைக்கவும் வரவில்லை.

இதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். தினமும் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்கிறாள். "இன்னிக்குக் கெடச்சுதாக்கா?" என்று கேட்கிறாள். "இன்னும் ஒரு அலமாரி பாக்கி இருக்கும்மா" என்கிறேன். "மெதுவாத் தேடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைக்கிறாள். என் வீட்டில் மொத்தமே இரண்டு அலமாரிதான். ஆனாலும் அவளுக்குக் காலையில் எழுந்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? அதைக் கொடுக்க என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.