சுவர்கிட்ட பத்து நிமிஷம்

சிஐடி: இன்னும் அகலமா.

கொக்கு: ஆ...

சிஐடி: அகலமான்னா அகலமா. பேஷன்ட்டுக்கு மட்டும் நல்லா சொல்லத் தெரியுதுல்ல, உனக்கு வராதா?

கொக்கு: ஆஆ...

சிஐடி: நாக்கை உள்ள இழு. லைட்டைப் பாக்காத, கண்ணை மூடிக்கோ. கீழ் முன்பல்லு, நாக்குப் பக்கம்... மூணு மாசத்துக்கு முன்னாடி முதல் நாள் நான் சுத்தம் பண்ணினேனே, அப்ப இங்க என்ன இருந்துச்சு தெரியுமா? தார் ரோடு.

கொக்கு: ங்...

சிஐடி: பேசாத, எச்சில் குழாய் நழுவுது. இப்ப என்ன இருக்கு தெரியுமா?

கொக்கு: ங்ஹ்ங்.

சிஐடி: ஒண்ணுமே இல்ல.

கொக்கு: ...குழாயை எடு முதல்ல. ஒண்ணுமே இல்லன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே. ரெக்கார்டுல எழுது. தொண்ணூறாவது நாள், பல்லு சுத்தம், ஆள் யோக்கியன்.

சிஐடி: நீ ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கற ஆளு. சிகரெட்டை விட்டாலும் டீக்கறை ஒரு கோடாவது இருக்கணும்.

கொக்கு: நல்லா தேய்ச்சேன். நீதானே சொல்லிக்குடுத்த, வட்டமா வட்டமான்னு.

சிஐடி: கடைவாய்ல இது என்ன, ரோஸ் கலர்ல?

கொக்கு: காலைல தேய்ச்ச பேஸ்ட்டா இருக்கும்.

சிஐடி: விரல்ல வெச்சுத் தேய்ச்சா நறநறங்குது. இது பாலிஷ் போடற பேஸ்ட்டு. நம்ம டிபார்ட்மென்ட்ல பச்சை டப்பாதான். ரோஸ் டப்பா வாங்கி பையில வெச்சிருக்கறது நம்ம வகுப்புலயே ஒருத்திதான்.

கொக்கு: உனக்கு சிஐடின்னு பேர் வெச்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

சிஐடி: லெஃப்ட்டிதானே?

கொக்கு: ...

சிஐடி: இப்ப வாய்ல குழாய் இல்ல. பேசலாம்.

கொக்கு: அவளுக்கு ஒரு கேஸ் குறைஞ்சுது. வரேன்னு சொன்ன பேஷன்ட் வரல. யாராவது உக்காருங்கடான்னு கெஞ்சினா. உக்காந்தேன். அவ்வளவுதான்.

சிஐடி: எப்ப?

கொக்கு: மத்தியானம்.

சிஐடி: மத்தியானம் லேப்ல வேலைன்னு சொன்ன.

கொக்கு: லேப் வழியாத்தான் வந்தேன்.

சிஐடி: நான் கேன்டீன்ல ரெண்டு தட்டை வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். துடைக்க வந்தவர் மூணு தடவை, இந்தத் தட்டை எடுக்கட்டுமான்னு கேட்டுட்டார். மூணாவது தடவை அவர் மூஞ்சில பரிதாபம்.

கொக்கு: சாரி.

சிஐடி: அவ எந்தப் பக்கம் நின்னா?

கொக்கு: என்ன கேள்வி இது?

சிஐடி: இந்த நாற்காலியெல்லாம் வலது கைக்காரங்களுக்காகச் செஞ்சது. அவ இடது கை. அந்தப் பக்கமா சுத்தி வந்து, மேல சாஞ்சாத்தான் கீழ்ப்பல்லு எட்டும். சாஞ்சாளா?

கொக்கு: ...மாஸ்க் போட்டிருந்தா.

சிஐடி: நான் மாஸ்க்கைப் பத்திக் கேக்கல.

சிஸ்டர்: டாக்டரம்மா, மணி நாலாச்சு. ஓ.பி. காலி. கம்ப்ரசரை நிறுத்தட்டுமா?

சிஐடி: இன்னும் பத்து நிமிஷம் சிஸ்டர்.

சிஸ்டர்: பல்லைப் பாக்கறதுக்குத்தான் கம்ப்ரசர் வேணும். சண்டைக்கு வேண்டாமே.

கொக்கு: நல்லா சொல்லுங்க சிஸ்டர்.

சிஐடி: சிஸ்டர், அந்த ஊதற மெஷின் எங்க இருக்கு?

சிஸ்டர்: பீரோல. இந்த மாசம் எல்லாப் பிள்ளைங்களும் அதைத்தான் கேக்கறாங்க, ஒருத்தர் கூட எடுத்துட்டுப் போகல.

கொக்கு: எடுத்தா மாட்டிக்குவாங்கல்ல. ஆளுக்கு ஒருத்தரை சிகரெட்டை விட வெச்சு மூணு மாசம் ரெக்கார்டு எழுதுங்கன்னாங்க. ஹாஸ்டல்ல பதினேழாம் ரூம்காரன் கேஸ் யாரு தெரியுமா சிஸ்டர்? அவன் ரூம்மேட். ரெண்டு பேரும் ஒரே தீக்குச்சில பத்த வெச்சுக்கிட்டே, இன்னிக்கு எழுபதாவது நாள்னு எழுதறாங்க.

சிஸ்டர்: அது சரி. புத்துநோய்ப் படம் போட்டு பாடம் நடக்குது, முடிஞ்ச கையோட முதல் வரிசையே எழுந்து ஊதறதுக்கு லேப் பின்னாடி போகுது. ஊருக்கு உபதேசம். இந்தாங்கம்மா மெஷின்.

சிஐடி: நிமிர்ந்து உக்காரு.

கொக்கு: நிஜமாவே ஊதச் சொல்றியா?

சிஐடி: கறையை எதுக்கு அழிச்சன்னு தெரியணும். ஆறுக்கு மேல காட்டினா இன்னிக்கு சிகரெட் குடிச்சிருக்கன்னு அர்த்தம்.

கொக்கு: எனக்கும் தெரியும், நானும் இதைத்தான் படிக்கறேன். என் மேல அவ்வளவு நம்பிக்கை?

சிஐடி: மூச்சை இழு. பிடி. பதினஞ்சு எண்றேன். ஒண்ணு, ரெண்டு... நேத்து சாயந்திரம் உன்னை லேப் பின்னாடி சுவர்கிட்ட ஒருத்தங்க பாத்திருக்காங்க... அஞ்சு, ஆறு... முந்தாநாளும். தலையை ஆட்டாத, மூச்சு போயிடும்... ஒன்பது... பக்கத்துல அவ. நடுவுல சிகரெட் புகை... பன்னெண்டு... மூணு மாசமா என்கிட்ட விட்டுட்டேன்னு சொல்லிட்டு, தினமும் அங்கதான் போற... பதினஞ்சு. ஊது. மெதுவா. கடைசி வரைக்கும்.

கொக்கு: ...ஃஉஉஉ...

சிஸ்டர்: என்னம்மா காட்டுது?

சிஐடி: ரெண்டு.

சிஸ்டர்: ரெண்டா?

சிஐடி: மறுபடி ஊது.

கொக்கு: ஏய்...

சிஐடி: ஊது.

கொக்கு: ...ஃஉஉஉஉ... போதுமா? எனக்குத் தலை சுத்துது.

சிஐடி: ரெண்டுதான். மெஷின் சரியில்ல சிஸ்டர்.

சிஸ்டர்: குடுங்க, நான் ஊதிப் பாக்கறேன்... ஃஉஉ... எவ்ளோ?

கொக்கு: நாலு.

சிஸ்டர்: எல்லாம் எங்க வீட்டுக்காரர் புண்ணியம். அவர் ஊதறதுல எனக்கும் பங்கு. மெஷின் நல்லாத்தான் இருக்கு. என்னை விடத் தம்பி மூச்சு சுத்தம். இந்த வருஷத்துல நெசமா விட்ட ஒரே ஆள் இவர்தான் போல... என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? பாஸானதுக்கு அழற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

சிஐடி: அழல சிஸ்டர்.

சிஸ்டர்: ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசப் போறாங்களாமே. இனிமே இந்த மாதிரி மெஷினெல்லாம் வெச்சு ஊதச் சொல்லாதீங்க. வீட்ல மெஷின் கிடையாது, நம்பித்தான் ஆகணும். நான் கருவியெல்லாம் அவிக்கப் போட்டுட்டு வரேன்.

கொக்கு: ...போயிட்டாங்க. இப்ப சொல்லு. நான் யோக்கியனா இல்லையா?

சிஐடி: எப்ப விட்ட?

கொக்கு: பன்னெண்டாவது நாள்.

சிஐடி: அதுக்கப்புறம் ஒண்ணு கூட இல்ல?

கொக்கு: ஒண்ணு கூட.

சிஐடி: எதுக்கு விட்ட?

கொக்கு: ஒரு லாரி டிரைவர் வந்தார். கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையாத் தடிச்சிருந்துச்சு. பீடியை விடணும், இல்லன்னா பின்னாடி வம்புன்னு பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, சார் நீங்க என்ன பிராண்டுன்னு கேட்டார். கிண்டலுக்கு இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. அன்னிக்கு சாயந்திரம் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன்.

சிஐடி: அப்ப எனக்காக விடல.

கொக்கு: லாரி டிரைவர் மேல கூடவா பொறாமை?

சிஐடி: சிரிக்காத. ரெக்கார்டுல "விட்டதற்குக் காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. என் பேரை எழுத முடியாது, ஆனா என்னை நெனச்சு ஏதாவது எழுதலாம்னு காலி விட்டு வெச்சிருந்தேன். சரி, அது போகட்டும். முதல்ல யார்கிட்ட சொன்ன?

கொக்கு: எதை?

சிஐடி: விட்டதை.

கொக்கு: ...அன்னிக்கு சாயந்திரம் அவ நீட்டினா. வேண்டாம், விட்டுட்டேன்னேன்.

சிஐடி: அவகிட்ட பன்னெண்டாவது நாளே சொல்லியாச்சு. என்கிட்ட பதினஞ்சாவது நாள். அதுவும் நான் ஃபார்ம் எழுத உக்காந்தப்போ, "கடைசியாகப் புகைத்தது எப்போது"ன்னு கேட்டப்போ.

கொக்கு: அதையெல்லாமா ஞாபகம் வெச்சிருக்க?

சிஐடி: சிகரெட் குடிக்கறதில்லன்னா, அப்புறம் தினமும் அந்தச் சுவர்கிட்ட எதுக்குப் போற?

கொக்கு: சும்மா. பழக்கம்.

சிஐடி: பழக்கம்தான் விட்டுப் போச்சே. மெஷினே சொல்லுது.

கொக்கு: நிக்கற பழக்கம்.

சிஐடி: அங்க போய் என்ன பண்ணுவ?

கொக்கு: அவ குடிப்பா. நான் நிப்பேன்.

சிஐடி: கை?

கொக்கு: கோட்டுப் பாக்கெட்ல. என்ன விசாரணை இது...

சிஐடி: பேசுவீங்களா?

கொக்கு: பேசுவோம். சில நாள் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. சும்மா நிப்போம்.

சிஐடி: பேசாம கூடவா?

கொக்கு: அதுல என்ன?

சிஐடி: என்கூட ஒரு நிமிஷம் பேச்சு நின்னா நீ போனை எடுத்துடுவ. அங்க பத்து நிமிஷம் பேசாம நிக்க முடியுது உன்னால.

கொக்கு: யாரு உன்கிட்ட இதெல்லாம் வந்து சொல்றது? பாத்தாங்க பாத்தாங்கன்னு... யாரு அந்தப் புண்ணியவான்?

சிஐடி: நான்தான்.

கொக்கு: நீயா?

சிஐடி: மாடில, எக்ஸ்ரே ரூம் ஜன்னல். அங்கேர்ந்து சுவர் நல்லாத் தெரியும், உங்க கை மட்டும் மரக்கிளைல மறைஞ்சுடும். தினமும் நாலு அம்பதுக்குப் போய் நிப்பேன். டெக்னீஷியன் நான் ஏதோ படிப்புல ரொம்ப அக்கறைன்னு நெனச்சு, பழைய ஃபிலிமெல்லாம் எடுத்துக் குடுத்தார்.

கொக்கு: மூணு மாசமாவா?

சிஐடி: மூணு மாசமாவா? ரெண்டு வருஷமா. எனக்கு அவ மேல பொறாமை. வயிறு எரியுது, போதுமா? அவ என்னை விட அழகுன்னா கூட விட்டுடுவேன். அது இல்ல. அந்தப் பத்து நிமிஷம். வகுப்புல நான் உன் பக்கத்துல, கேன்டீன்ல நான், லைப்ரரில நான். உங்கம்மா ஃபோன் பண்ணி, தன்னை அத்தைன்னு கூப்பிடச் சொல்லியாச்சு. எல்லாமே என்கிட்ட இருக்கு, அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர. அதுல உன் மூஞ்சி வேற மாதிரி இருக்கு. மேலேர்ந்து பாத்தாலே தெரியுது.

கொக்கு: நீயும் ஒரு நாள் வந்து நின்னிருக்கலாமே.

சிஐடி: வர நெனச்சேன். கேட்டா சிரிப்ப. ஒரு நாள் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

கொக்கு: என்ன வாங்கின?

சிஐடி: சிகரெட். கடைக்காரர், என்ன பிராண்டுன்னு கேட்டார். எனக்கு ஒரு பேரும் தெரியல. நல்லதாக் குடுங்கன்னேன். வீட்டு பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாத்தேன். மூணு நாள். மூணாவது நாள் வாந்தி எடுத்துட்டேன். எங்கம்மா சாப்பாடு ஒத்துக்கலன்னு கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க.

கொக்கு: நீ... சிகரெட்...

சிஐடி: அடுத்த வாரம் உன்னைக் கேஸாப் போட்டு, புகையை விடுன்னு உனக்கு அறிவுரை சொன்னேன்.

கொக்கு: சொல்லியிருக்கலாம்ல.

சிஐடி: எப்படிச் சொல்றது? இப்ப மெஷின் ரெண்டுன்னு காட்டினப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இருபது காட்டியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. திருட்டுத்தனமாக் குடிச்சிருந்தா, சிகரெட்டுக்காகத்தான் போறான்னு மனசைத் தேத்திக்கலாம்.

கொக்கு: சிகரெட்டை விட வைக்கற டாக்டர் பேசற பேச்சா இது...

சிஐடி: சிரிக்க வைக்காத. ஞாயித்துக்கிழமை உங்க வீட்லேர்ந்து வராங்க. எங்கப்பா நாற்காலிக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுட்டு இருக்கார். காயறதுக்கு ரெண்டு நாள் ஆகும்னு நேத்தே ஆரம்பிச்சுட்டார்.

கொக்கு: தெரியும். உங்கப்பா ஃபோன் பண்ணினார். என்ன கலர் பிடிக்கும்னு என்கிட்ட கேட்டார்.

சிஐடி: நீ என்ன சொன்ன?

கொக்கு: எதுவானாலும் சரின்னேன்.

சிஐடி: எதுவானாலும் சரி. இதையேதான் எல்லாத்துக்கும் சொல்ற. ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேட்டப்பவும் இதையேதான் சொன்ன.

கொக்கு: சிஐடி... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நாலு தடவை கிளம்பி வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ ரெக்கார்டை விரிச்சு வெச்சுக்கிட்டு, இன்னிக்கு எத்தனையாவது நாள் சொல்லுன்னு சந்தோஷமாக் கேப்ப. நான் நம்பரைச் சொல்லிட்டுப் போயிடுவேன்.

சிஐடி: இரு. நீ சொல்லாத. நான் முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும். சிகரெட்டை விடு விடுன்னு உன்னை அரிச்செடுத்தேனே... ரெக்கார்டுக்காக இல்ல. உன் நுரையீரலுக்காகவும் இல்ல. சிகரெட் போனா அந்தச் சுவர் போயிடும், சுவர் போனா அவளும் போயிடுவான்னுதான். அவளை விடுன்னு வாய் விட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனால சிகரெட்டைக் கேட்டேன்.

கொக்கு: தெரியும்... அதனாலதான் சிகரெட்டை மட்டும் விட்டேன்.