ருசி பார்க்காத கோலா உருண்டை

கறி சாப்பிடாத அம்மா, குழந்தைக்கு ருசியாகக் கோலா உருண்டை செய்ய முடியுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. கேரளத்துச் சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில், மடியில் குழந்தையோடு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"நான் கறிய வாயில வெக்கறதில்லீங்க்கா. உருண்டை மட்டும் புடிச்சுக் குடுக்கறேன். இவன் துப்பீர்றானுங்க."

"ஊட்டுக்காரர ருசி பாக்கச் சொல்றது?"

"சொன்னேனுங்க. ருசி பாத்தே பாதியத் தீத்துப்போட்டாருங்க."

அக்கா சிரித்தார். "வெங்காயம், சோம்பு, தேங்காயெல்லாம் வதக்கி, அத நீயே ருசி பாரு கண்ணு. அப்பறம் கொத்துக்கறியச் சேரு."

"கறி சேந்தா உப்புக் கொறைஞ்சுருமேங்க்கா?"

பதில் சொல்வதற்குள் அக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

ஒரு கைப்பிடி கொத்துக்கறிக்கு, வதக்கலில் உப்பை எவ்வளவு கூட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நானும் கறி சாப்பிடாதவள். வீட்டில் என் மகளும் துப்புகிறாள்.