கைகுலுக்கலை நம்பிய பயிற்றுநர் டெல்மர் குச்செராவுக்கு விடைமடல்

அவையோரே! நெப்ராஸ்காவின் மூலை முடுக்குகளிலிருந்து பனி படிந்த சாலைகளில் வண்டியோட்டி வந்திருக்கும் பெற்றோரே, பழைய மாணவரே! விருந்துக்கென்று உங்களை அழைத்தார்கள். இவருடைய துணைப் பயிற்றுநர்களாகிய நாங்கள் சாட்சிக்கு அழைக்கிறோம். தேவாலயத்தின் இந்த அடித்தளக் கூடத்தில் பன்றித்தொடைக் கறி ஆறிக்கொண்டிருக்கிறது. மேசை நடுவே 'நன்றி கோச்' என்று நீல எழுத்தில் எழுதிய கேக் காத்திருக்கிறது. அந்த நன்றிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கைக் கேடு ஒளிந்து நிற்கிறது. அதைக் காணுங்கள். கண்டபின் வாளாவிருக்க முடியுமா என்று உங்கள் மனச்சான்றைக் கேளுங்கள்!

எங்கள் தலைவரே! வென்ற நாளில் பின்னால் நின்று, வீழ்ந்த நாளில் முன்னால் நின்ற பெருந்தகையே! கொடுத்த சொல்லைக் கோட்டையெனக் காத்த கொள்கைக் குன்றே! லிண்டன் ஃபோர்க் கல்லூரியின் கொக்குச் சின்னம் பொறித்த தொப்பியை வெயிலிலும் வெண்பனியிலும் கழற்றாத பயிற்றுநர் டெல்மர் குச்செரா அவர்களே! தங்களை வாழ்த்த வந்தோம், வருந்தவும் வந்தோம். இதை வாசிக்க வேண்டாம் என்றுதான் தாங்கள் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் தங்களிடம் கேட்கவில்லை. பொறுத்தருள்க!

இருபத்தேழு இலையுதிர் காலங்கள்! தலைக்கவசமும் தோள்கவசமும் பூட்டிய இளைஞர்கள் முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்தின் அந்த மண்மேட்டு மைதானத்துக்குத் தாங்கள் வந்தபோது, கொக்கு அணி என்றால் எதிரணிகளுக்கு ஓய்வுநாள் என்று பொருள். ஆட்டத்துக்கென ஒரு காசும் உதவித்தொகை தராத சிறு கல்லூரி இது. பெரிய கல்லூரிகள் ஒளிவிளக்கு அரங்குகளைக் காட்டி இளைஞரை இழுத்தன. காட்டுவதற்கு ஒன்றுமில்லாத தாங்கள் ஆளைக் காட்டி அழைத்தீர்கள்! ஆம், தங்களையல்ல, தங்கள் துணைவர்களைக் காட்டினீர்கள். ஓர் இளைஞனின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவனை நாள்தோறும் பழக்கப்போகும் துணைப் பயிற்றுநரை உடன் அழைத்துச் சென்று, அவன் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, அவரை ஈடாகக் காட்டி வாக்குக் கொடுத்தது இந்த நாட்டில் தங்கள் ஒருவருக்கே உரிய வழக்கம்.

ஒமாஹாவில் பேருந்து ஓட்டும் திருமதி தாலிவர் இன்று இங்கே வந்திருக்கிறார். அவர் வீட்டுச் சமையலறையில் நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். தடுப்பு வரிசைப் பயிற்றுநர் ரோலண்ட் டீட்ஸை அன்று தாங்கள் கூட்டிப் போயிருந்தீர்கள்.

"என்னைப் பாக்காதீங்கம்மா, இவரைப் பாருங்க. உங்க பையன் நாலு வருஷமும் இவர் மூஞ்சியிலதான் முழிக்கப்போறான்."

"இந்த மூஞ்சியிலயா? நாலு வருஷமுமா? கொஞ்சம் நல்ல மூஞ்சியா வேற ஒண்ணும் இல்லையா உங்ககிட்ட?"

"அழகுக்கு நான் பொறுப்பில்லம்மா. ஆள் இருப்பாரு, அதுக்கு நான் பொறுப்பு."

ஆள் இருப்பார்! பிள்ளையைப் பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறெதை யாரால் தரமுடியும்? அந்த வாக்கு பொய்க்கவில்லை. பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டபோதும் டீட்ஸ் போகவில்லை. எங்களில் எவரும் போகவில்லை. தலைமைப் பயிற்றுநரின் பெயர் செய்தித்தாளில் வரும். துணைப் பயிற்றுநரின் குரலோ இளைஞனின் காதில் வாழும். அடுத்த ஆண்டும் அதே குரல், அதற்கடுத்த ஆண்டும் அதே குரல். வீட்டை விட்டு முதன்முதலாக வெளியேறிய பதினெட்டு வயதுக்காரனுக்கு அதுவே சுவர், அதுவே கூரை.

பிறகு வந்தது 'போர்ட்டல்' என்று எல்லோரும் சொல்லும் இடமாறுதல் பட்டியல். வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவன் அதில் பெயரை ஏற்றினால் போதும். நாடெங்கிலுமிருந்து தொலைபேசி மணி அடிக்கும். மாறும் உரிமையை நாங்கள் பழிக்கவில்லை. இளைஞன் எவனுக்கும் அடிமையல்லன்! பயிற்றுநர்கள் மட்டும் பருவத்துக்கொரு பணி மாறலாம், ஆடுகிறவன் மட்டும் அசையக்கூடாது என்பது எந்த ஊர் அறம்? ஆனால், போகிறவனைத் துரோகி என்று ஏசியவர்கள் நிறைந்த இந்த உலகில், போகிறவனுக்கு வழித்துணை வந்தவர் தாங்கள் ஒருவரே. ஒருவன் புறப்பட்டால், அவனை ஏற்கும் பயிற்றுநரைத் தாங்களே அழைத்து, அவன் எந்த வலியை மறைப்பான், எந்தப் பாடத்தில் தடுமாறுவான், எதைச் சொன்னால் உடைந்துபோவான் என்று ஒன்றுவிடாமல் எடுத்துரைப்பீர்கள்.

திருமதி தாலிவரின் மகன் கென்ட்ரிக், இரண்டாம் ஆண்டு முடிந்ததும், தாயின் வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரிக்கு மாறினான். அதுவோ எங்கள் பரம எதிரியணி! அவர்களையும் தாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது டீட்ஸ் வெடித்தார்.

"கோச், கதவைத் திறந்து விடுறது சரி. பெட்டியையும் தூக்கிட்டுப் போய் அவன் வண்டியில வெக்கணுமா?"

"அவனுக்கு இடது தோள் ஆகாது ரோலி. அது தெரியாம இடதுபக்கம் நிறுத்திருவாங்க."

"நிறுத்தட்டுமே! அக்டோபர்ல நம்ம பந்துக்காரன் அந்தப் பக்கமாவே ஓடி ஜெயிச்சிருவான்ல!"

"நம்மகிட்ட இருந்தப்ப மட்டும்தான் அது தோளா?"

 அக்டோபரில், எங்கள் மைதானத்தில், வலது பக்கம் நின்ற கென்ட்ரிக், ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தோடு ஓடிய எங்கள் ஆளை வெற்றிக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மண்ணோடு தைத்தான். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவன் நேரே ஓடிவந்து டீட்ஸைக் கட்டிக்கொண்டான். எங்கள் பார்வையாளர் மேடையிலிருந்து ஏளனக் கூச்சல் எழுந்தது. அவனைப் பார்த்தல்ல, எங்கள் தலைவரே, தங்களைப் பார்த்து!

அந்தக் கூச்சலைத்தான் குற்றப்பத்திரிகை ஆக்கினார்கள். எதிரிக்கு உதவியவர் என்றார்கள். காலத்துக்கு ஒவ்வாதவர் என்றார்கள். அறங்காவலர் குழுவின் சார்பில், விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் ஸ்டென்னர், நன்றித் திருநாளுக்கு முந்தைய வாரத்தில் தங்களை மைதானத்தின் நடுக்கோட்டுக்கே அழைத்துச் சென்று, ஓசையில்லாமல் ஓய்வு பெறும்படி கேட்டார். தங்களுக்கென்று எதையும் தாங்கள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: இப்போது படிக்கும் இளைஞர்கள் பட்டம் பெறும்வரை அவர்களின் துணைப் பயிற்றுநர்கள் இருக்கவேண்டும். ஆகட்டும் என்றார் ஸ்டென்னர். கை நீட்டினார். குலுக்கினீர்கள்.

அவையோரே, இந்த ஆட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கே உரிய ஒரு பிழை உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரு தலைமைப் பயிற்றுநர்களும் நடுக்கோட்டில் வந்து கைகுலுக்குவார்கள். அதன்பின் எந்தத் தகராறும் இல்லை, எந்த வஞ்சமும் இல்லை. அந்தக் கைகுலுக்கலில் பொய் கலக்கும் என்று எங்கள் இனத்தாருக்கு நினைக்கவே வராது. ஸ்டென்னரும் ஒருகாலத்தில் ஆடியவர். அதனால் அந்த இடத்தின் பொருள் அவருக்குத் தெரியும் என்று நம்பினீர்கள்.

அன்று மாலை உடைமாற்றும் அறையில் டீட்ஸ் தங்களிடம் மன்றாடியதை நாங்கள் கேட்டோம்.

"எழுதி வாங்குங்க கோச்."

"நடுக்கோட்டுல நின்னு கை குடுத்திருக்கான்யா."

"கை குடுத்தான், சரி. கையெழுத்துப் போட அதே கைதானே வேணும்?"

"உன்னை வேலைக்கு எடுத்தப்ப எழுதியா குடுத்தேன்?"

"இல்ல. ஆனா அது நீங்க."

இப்போது நடந்ததைக் கேளுங்கள். சென்ற வாரம் புதிய தலைமைப் பயிற்றுநரை அறிவித்தார்கள். அவர்மீது எங்களுக்குப் பகையில்லை. அவர் தம் துணைப் பயிற்றுநர்களைத் தம்முடனேயே கொண்டுவருகிறார். தம் பழைய கல்லூரியிலிருந்தும் இடமாறுதல் பட்டியலிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவருகிறார். எங்களுக்கு வசந்தப் பருவத்தோடு பணி முடிகிறது என்றார்கள். இளைஞர்களிடமோ, வேறு வழிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கனிவாகச் சொன்னார்கள். கனிவாம்! வீட்டைக் கொளுத்திவிட்டுக் குடையை நீட்டும் கனிவு!

எடை தூக்கும் அறையில் அவர்கள் டீட்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் டேனர் பெஸ்லர், பண்ணையிலிருந்து வந்தவன், பேச்சே வராதவன், அன்று பேசினான்.

"கோச், நீங்க இருப்பீங்களா மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"நீ படிப்பைப் பாருடா."

"படிப்பைத்தான் பாக்கறேன். வேற காலேஜ் போனா பாதிப் பாடம் செல்லாதாம். இங்கயே இருந்தா யாருன்னே தெரியாத ஆளுங்களுக்குப் பின்னாடி பெஞ்சைத் தேய்க்கணும். எங்க அம்மாகிட்ட, இருப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

டீட்ஸ் பொய் சொல்லத் தெரியாதவர். இரும்புத் தட்டு ஒன்றை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். 

எங்கள் தலைவரே! இந்த வாரம் தங்கள் அறைக் கதவு மூடியே இருந்தது. உள்ளே தாங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். மெல்லிய சுவர், எங்களுக்குக் கேட்டது. "பெஸ்லருன்னு ஒரு பையன். முட்டி வலிச்சாலும் சொல்லமாட்டான், நீங்கதான் கேக்கணும். வேதியியல்ல கொஞ்சம் கைதூக்கி விடுங்க." அடுத்து இன்னொரு கல்லூரி, இன்னொரு பெயர், இன்னொரு வலி. ஒவ்வொருவனாக எடுத்து, துடைத்து, பத்திரமாக வேறு கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தீர்கள். தாம் கட்டிய அணியைத் தம் கையாலேயே கலைக்கும்படி ஒரு நல்லவரை நிறுத்திய கொடுமையை இந்தக் கல்லூரி வரலாறு கண்டதுண்டா? பிறகு அந்தச் சுவர் வழியே இன்னொன்றும் கேட்டது: "டீட்ஸுன்னு ஒரு ஆளு. வயசு அறுபது. ஆமா, எனக்குப் புரியுது. இல்ல இல்ல, பரவாயில்ல." அந்தப் 'பரவாயில்ல'யை, வரிசையாக வந்த அத்தனை அழைப்புகளிலும் தாங்கள் சொன்னீர்கள்.

தாங்கள் நீடு வாழ்க! துணைவியார் மார்லிஸ் அம்மையாரோடு நோயின்றி, நொடிவின்றி வாழ்க! பிளாட் ஆற்றங்கரையில் காலைக் காப்பியோடு தாங்கள் அமரும் ஓய்வு உண்மையான ஓய்வாக அமைக! ஆனால் எங்கள் வாழ்த்து மட்டும் அதை அமைத்துத் தராது. கொடுத்த வாக்கு முறிந்துகிடக்கும் வரை தங்களுக்கு உறக்கம் வராது என்பதை உடன் உழைத்த நாங்கள் அறிவோம்.

ஆகவே அவையோரே, உங்களிடம் கேட்கிறோம். எங்கள் பணிக்காக மட்டும் கேட்கிறோம் என்று எவரேனும் சொன்னால் சொல்லட்டும்! புதிய தலைவர் வரட்டும். தமக்கு வேண்டியவரையும் கொண்டுவரட்டும். ஆனால் இப்போதிருக்கும் இளைஞன் பட்டம் பெறும்வரை, அவன் தாயிடம் காட்டப்பட்ட முகம் அவனுக்கு முன்னால் இருக்கவேண்டும். குச்செரா இடம் தேடிவைத்தாலும், இடமாறுதல் பட்டியலில் எங்கள் இளைஞர் எவரும் இன்னும் பெயர் ஏற்றவில்லை. ஏற்றிவிட்டால் எவராலும் கூட்டிச் சேர்க்க முடியாது. அறங்காவலர் குழு திங்கட்கிழமை காலை நூலக மாடியில் கூடுகிறது. பெற்றோரே, வாருங்கள்! பழைய மாணவரே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாருங்கள்! படிக்கட்டு நிறைய நில்லுங்கள்!

திங்கட்கிழமை வரை எதற்குக் காக்கவேண்டும்? இயக்குநர் ஸ்டென்னர் அதோ முதல் மேசையில் அமர்ந்திருக்கிறார். அவரை எவரும் ஏச வேண்டாம், தொடவும் வேண்டாம். எழுந்திருங்கள். ஒருவர் பின் ஒருவராக அவரிடம் போங்கள். கை கொடுத்தீர்களா இல்லையா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை எவரும் அமராதீர்கள்!

தங்களோடு களத்தில் நின்றவர்களும், இன்னும் நிற்கிறவர்களுமான,
லிண்டன் ஃபோர்க் கல்லூரிக் கொக்கு அணியின் துணைப் பயிற்றுநர்களும் ஆட்டக்கருவி அறைப் பணியாளர்களும்