பத்து வருஷத்து வாஷர்

டீசல் வாடை எங்கே வந்தாலும் போர்ட் பிளேரின் அந்த ஈரமான ஜெட்டி எனக்குள் அசைகிறது. தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பேக்குப் போகும் கப்பலுக்கான வரிசையில் எனக்கு முன்னால் ராணுவ மெக்கானிக் ஒருவர். ஆபீசில் சேர்க்கச் சொல்லி அவர் தந்த காகிதங்களை, வழியனுப்ப வந்த மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஜெனரேட்டருக்குப் பத்து வருஷத்துக்கு வாஷர் கேட்டிருக்கீங்க. ரெண்டே வருஷத்துல வந்துடுவேன்னீங்களே?”

“நான் வந்தாலும் மெஷின் அங்கதான இருக்கும். மெயின்லேண்டுலேருந்து ஒரு போல்ட் வரவே ஆறு மாசம் ஆகுது. இப்பவே கேட்டு வைக்கணும்.”

“பெல்ட், ஃபில்டர், கிரீஸ் டப்பா... எலி கடிச்சா மாத்த ஒயர்கூட இருக்கு.”

“அங்க எலி ஜாஸ்தி.”

“அச்சா. உங்களுக்கு மாத்து ஆளு எந்தத் தாள்ல இருக்கு?”

அவர் வாங்கி, கடைசித் தாள்வரை புரட்டினார்.

“அதை மறந்துட்டேன், வள்ளி.”

“போன தடவையும் மாத்து ஆள் இல்லைன்னுதான் நாலு வருஷம் உங்களை விடல.”

கப்பல் ஊதியது. அவள் பேனாவை நீட்டிவிட்டு, தாளை வைத்து எழுதத் தன் முதுகைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாஷருக்கு மேல எழுதுங்க. ஆபீசுல கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”